முப்பத்தொரு வரி

— மணி பதினொண்ணு பதினேழுடா. பன்னிரண்டுக்கு முன்னாடி உன்கிட்ட பேசச் சொன்னார். பேசிட்டேன். இப்ப என்ன பண்ணணும்?

— அக்கா, மெதுவா. மாமா எங்க இருக்கார்?

— உள்ள. ஒம்போதே காலுக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போனாங்க. நான் வெளிய, ஆறாவது மாடில உக்காந்திருக்கேன். மடில அவரோட லேப்டாப்.

— இந்த நேரத்துல லேப்டாப் எதுக்கு?

— அதைத்தான் நான் உன்னைக் கேக்குறேன். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்த மனுஷன், ஆம்புலன்ஸ் வந்து நிக்குது, 'லேப்டாப்பை எடு'ங்கிறார். எடுத்தேன். அட்மிஷன் சீட்டுக்குப் பின்னாடி பாஸ்வேர்டை எழுதிக் குடுத்தார். அப்புறம் ஸ்ட்ரெச்சர்ல போகும்போது என் கையைப் பிடிச்சு, 'தம்பிகிட்ட பேசு, பன்னிரண்டுக்குள்ள, பிளாக்'ன்னார். அதோட சரி.

— வேற ஒண்ணுமே சொல்லலியா?

— படிக்கட்டு வழியா தூக்கிட்டுப் போங்கன்னார். நர்ஸ் சிரிச்சிட்டா.

— அதுவும் சரிதான். இருபத்தெட்டு வருஷமா லிப்ட் இன்ஸ்பெக்டர், வீட்டுக்கு மூணு மாடி படியேறித்தான் வருவார்.

— விளையாடாதே பொடியா.

— எனக்கு நாப்பத்திரெண்டு வயசாச்சுக்கா.

— ஆகட்டும். எங்க இருக்கே?

— டாக்சில. பாலத்து மேல நிக்குது. நடந்தா இன்னும் சீக்கிரம் வரலாம் போல. லேப்டாப்பைத் திற. கறுப்பா ஒரு சன்னல் இருக்கும், எழுத்து மட்டும் வரும்.

— இருக்கு. ஏதோ கோடு விட்டு விட்டு மின்னுது.

— அதுல இங்கிலீஷ்ல 'வீடு'ன்னு அடி. வி, இ, இ, டி, யு. என்டர்.

— இது என்ன, உங்க ரெண்டு பேருக்கும் ரகசிய பாஷையா?

— மாமாவுக்காக நான் வெச்ச குறுக்கு வழி. நெட்ல அவர் எழுதுற பிளாக் இருக்கிற சர்வருக்குள்ள போறதுக்கு.

— பாஸ்வேர்டு கேக்குது.

— சீட்டுல உள்ளதைப் போடு.

— போடுறேன், எழுத்தே விழ மாட்டேங்குது. கீபோர்டு போச்சா?

— வராது. பாஸ்வேர்டு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. நம்பி அடி.

— நம்பி அடின்னா? நான் எதை அடிச்சேன்னு எனக்கே தெரியலைன்னா?

— அக்கா, முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறியே, சொன்னதைச் செய்யுன்னு.

— தப்புன்னு சொல்லுது.

— மறுபடி. மெதுவா.

— ம். உள்ள போயிடுச்சு.

— இப்ப 'எல் எஸ்'னு அடிச்சு என்டர். பதிவு எல்லாம் வரிசையா வரும். கடைசில என்ன பேர் இருக்கு?

— நாளை.

— என்ன?

— 'நாளை'ன்னு ஒரு கோப்பு. மத்ததெல்லாம் நல்ல பேரா இருக்கு. கதவு, கயிறு, எண்ணெய். லிப்டைப் பத்தி இவ்வளவு எழுத என்ன இருக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல.

— அதைத் திறப்போம். இங்கிலீஷ்ல 'நானோ'ன்னு அடி, அதுதான் திருத்துற கருவி. ஒரு இடம் விடு, 'நாளை'. என்டர். முதல் வரில தேதி இருக்கும், படி.

— இன்னிக்குத் தேதி. பதினாலு.

— சரி. புரியுது.

— என்ன புரியுது? எனக்கும் சொல்லு.

— எட்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பிளாக்குக்கு நான்தான் புரோகிராம் எழுதிக் குடுத்தேன். சின்னது. முப்பத்தொரு வரி. தினமும் பகல் பன்னிரண்டுக்குத் தானா ஓடும். ஒவ்வொரு கோப்பையும் திறந்து முதல் வரில தேதியைப் பாக்கும். இன்னிக்குத் தேதியோ பழைய தேதியோ இருந்தா வெளியிடும். வரப்போற தேதின்னா தாண்டிப் போயிடும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

— அப்ப இது பன்னிரண்டுக்கு வெளிய வந்துடும்.

— வரும். பாதி எழுதினதைத் தனியா வெக்க ஒரு வழி வேணும்னு மாமா அப்பவே கேட்டார். அதுக்கு இன்னும் பத்து வரி எழுதணும். நான் திமிர் பிடிச்சு, முப்பத்தொண்ணுக்கு மேல ஒரு வரி ஏத்த மாட்டேன், தேதியைத் தள்ளிப் போட்டுக்கோங்க மாமான்னேன்.

— அதனால தினம் காலைல இதைத் திறந்து உக்காருறாரா? காபி ஆறிப் போகும். என்னங்க பண்றீங்கன்னா, 'ஒரு நாள் தள்றேன்'ம்பார். நான் ஏதோ வேலைன்னு விட்டுட்டேன்.

— தினமும் ஒரு நாளா? ஒரேயடியா பத்து வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாமே.

— இன்னிக்குக் காலைல திறக்க ஆள் இல்ல.

— என்ன எழுதியிருக்கார்? படி.

— நீ வந்து படிச்சுக்கோ.

— அக்கா, நீ ஏற்கெனவே படிச்சுட்டியா?

— கண்ணு முன்னாடி இருக்கு. ஓடுது கண்ணு. என்ன செய்ய.

— சத்தமா படி.

— இங்க ஆளுங்க இருக்காங்க.

— சத்தம் வேண்டாம், எனக்குக் கேட்டாப் போதும்.

— 'சென்ற ஆண்டு மார்ச் நான்காம் தேதி, பதிவு எண் மூன்று பூஜ்யம் ஒன்பது இரண்டு ஆறு கொண்ட லிப்டைச் சோதிக்கப் போனேன். பிரேக்கைச் சோதிக்க எடைக்கற்கள் வேண்டும். அவை வந்து சேரவில்லை. நாளை வந்துவிடும் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.'

— கட்டிடம் பேர்?

— இல்ல.

— எழுத மாட்டார். எப்பவும் நம்பர் மட்டும்தான். மேல படி.

— 'ஒரு வாரம் கழித்து, யாரும் அனுப்பாமல், நானாகப் போனேன். மணல் மூட்டைகள் ஏற்றிப் பார்த்தேன். பாதிப் பாரத்துக்கே, கதவு திறந்திருக்கும்போது, லிப்ட் நின்ற தளத்திலிருந்து நாலு விரல் இறங்கியது. வெறும் ஆட்கள் இரண்டு பேர் ஏறினால் ஒன்றும் தெரியாது. பாரம் ஏறினால் ஒரு நாள் அது நாலு விரலோடு நிற்காது.'

— ஐயோ மாமா.

— பேசாதே, படிக்க விடு. 'புது பிரேக் பாகத்துக்குச் சொல்லியிருக்கிறோம், நாளை வரும் என்றார்கள். தினமும் போன் செய்கிறேன். தினமும் நாளை என்கிறார்கள். சான்றிதழை ரத்து செய்தால், ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். என் கையெழுத்து அந்த லிப்ட் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நான் தினமும் காலையில் இந்தப் பதிவின் தேதியை ஒரு நாள் தள்ளுகிறேன். அவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.'

— அவ்வளவுதானா?

— கீழ கோடு கோடா இருக்கு. அஞ்சு அஞ்சா. ஜெயில்ல சுவத்துல கிழிப்பாங்களே, அந்த மாதிரி.

— எத்தனை?

— எண்ண மாட்டேன். மணி பதினொண்ணு முப்பத்தாறு. எப்படி அழிக்கிறதுன்னு சொல்லு.

— அழிக்கக் கூடாது.

— என்னது?

— அழிக்கக் கூடாதுக்கா. அது அவர் எழுதினது.

— அவர் எழுதினதுதான், அவர்தான் இத்தனை நாளா வெளிய விடாம வெச்சிருக்கார். அஞ்சு மாசத்துல ரிடையர்டு. உள்ள நெஞ்சைத் திறந்து போட்டிருக்காங்க. கண்ணு முழிக்கும்போது கட்டில் பக்கத்துல நான் நிக்கணுமா, போலீஸ் நிக்கணுமா?

— அந்த லிப்ட்ல இப்ப யாராவது போயிட்டிருப்பாங்க.

— நேத்தும் போனாங்க. முந்தா நாளும் போனாங்க. ஒரு வருஷமாப் போறாங்க. ஒண்ணும் ஆகல.

— ஒரு கேள்வி கேக்குறேன், கோவப்படாம சொல்லு. மாமா உன்கிட்ட 'நிறுத்து'ன்னு சொன்னாரா?

— தம்பிகிட்ட பேசுன்னார்.

— நிறுத்துன்னு சொல்லல.

— மூச்சு முட்டுற ஆளு இலக்கண சுத்தமா பேசுவாரா? பிளாக், பன்னிரண்டு, தம்பி. வேற எதுக்குச் சொல்வார்?

— விட்டுடுன்னு சொல்லவும் இருக்கலாம். நிறுத்தணும்னா பாஸ்வேர்டு எழுதின கையால ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கலாம். தனியா அவரால முடியல, நம்ம ரெண்டு பேர் கையில குடுத்திருக்கார்.

— நீ அவரை ஒண்ணும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் அவரோட குடித்தனம் பண்றவ.

— சரி. வேற வழி சொல்றேன். பதிவு நிக்கட்டும். எனக்கு நம்பர் கிடைச்சிருக்கு. மாமா இலாகா சைட்ல அந்த நம்பரைப் போட்டா கட்டிடம் பேர் வந்துடும். ஒரு நிமிஷ வேலை. பேர் சொல்லாம ஒரு போன் பண்ணுவேன், அந்த லிப்டை நிறுத்துங்கன்னு. மாமா பேரே வராது.

— வேண்டாம்.

— ஏன்?

— அந்தச் சான்றிதழ்ல யார் கையெழுத்து? லிப்டை நிறுத்தினா முதல்ல எதை எடுத்துப் பாப்பாங்க?

— பேராவது தெரிஞ்சு வெச்சுக்கலாம்ல?

— தெரிஞ்சா நீ சும்மா இருக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியும். பூனைக்குட்டி சாக்கடைல விழுந்தாலே ஊரைக் கூட்டுவே. பாக்கக் கூடாது. சொல்லு, பாக்க மாட்டேன்னு.

— அக்கா.

— சொல்லு.

— பாக்கல. தேடப் போன பக்கத்தை மூடிட்டேன். போதுமா?

— அது குடோன் லிப்டா இருக்கும். பாரம்னு எழுதியிருக்கார்ல. மூட்டை ஏத்துறது. ஆள் ஏறாது.

— மூட்டையை ஆள்தானே உள்ள வெச்சு எடுக்கணும்.

— மணி பதினொண்ணு நாப்பத்தேழு. நீ வேணும்னே இழுக்குற.

— இழுக்கல. டாக்சி பாலத்தை விட்டு இறங்கிடுச்சு, அவ்வளவுதான் நல்ல சேதி.

— பன்னிரண்டு தாண்டினா என்ன ஆகும்? உடனே எடுத்துடலாமா?

— முடியாது. முப்பத்தொண்ணாவது வரி மெயில் அனுப்பும். அவர் பதிவைப் படிக்கிறவங்க எல்லாருக்கும். நானூறு பேருக்கு மேல. பாதிப் பேர் அவர் இலாகா.

— அதையும் நீதான் எழுதினியா?

— நான்தான். அதுல ரொம்பப் பெருமை எனக்கு.

— ரொம்ப நல்ல தம்பி.

— திட்டிக்கோ.

— திட்டல. அன்னிக்கு நீ இன்னும் பத்து வரி எழுதியிருந்தா, இன்னிக்கு நான் இங்க வேண்டிக்கிட்டு மட்டும் உக்காந்திருப்பேன். இப்ப ஒரு கண்ணு அந்தக் கதவு மேல, ஒரு கண்ணு கடிகாரத்து மேல. ஒரு நாள் தள்ளிக் குடு. அழிக்க வேண்டாம். அவர் செஞ்சதை நானும் செய்யறேன். ஒரே ஒரு நாள்.

— ஒரே ஒரு நாள்னு அவரும் நினைச்சுத்தான் ஆரம்பிச்சிருப்பார்.

— பொடியா, எங்கிட்ட வாதாட தெம்பு இல்ல. கெஞ்சுறேன்.

— சரி. மேல் அம்புக்குறியை அமுக்கி முதல் வரிக்குப் போ.

— போயிட்டேன்.

— பதினாலுக்குப் பக்கத்துல நின்னு, நாலை அழிச்சுட்டு அஞ்சு போடு.

— இரு. ரெண்டு எழுத்து சேர்ந்து போச்சு. இரு இரு. பதினஞ்சு. போட்டாச்சு.

— மணி?

— அம்பத்தஞ்சு. தியேட்டர் கதவு திறக்குது. இல்ல, வேற யாரோ. துடைக்கிறவங்க. இப்ப?

— கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு எக்ஸ் அமுக்கு.

— கீழ ஏதோ கேக்குது. பஃபர்னு. என்னன்னே புரியல. இங்கிலீஷ் எழுத்து ரெண்டு இருக்கு, ஒய்யும் என்னும். எதை அமுக்கணும்?

— ஒரு நிமிஷம்.

— என்னடா ஒரு நிமிஷம்? ஒண்ணு அது, இல்லன்னா இது. எது?

— யோசிக்கிறேன்.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? உனக்குத் தெரியும். ஒண்ணு அமுக்கினா தேதி மாறும், ஒண்ணு அமுக்கினா மாறாது. எனக்குத் தெரியாது. நீ எதைச் சொன்னாலும் அமுக்குவேன். அதானே யோசிக்கிறே?

— ஆமாக்கா. அதைத்தான் யோசிக்கிறேன்.

— அம்பத்தேழு.

— கேக்குது.

— அம்மா போனப்புறம் உன்னை நான் எப்படி வெச்சிருந்தேன்னு இப்ப சொல்லிக் காட்ட மாட்டேன். அதுக்கு இது நேரமில்ல.

— சொல்லிட்டியே.

— சொல்லிட்டேன். எது?

— ஒரு வாக்கு குடு. நாளைக்குக் காலைல, மாமா கண்ணு முழிச்சதும், டாக்டர் பேசலாம்னு சொன்னதும், நானும் நீயும் அவர் பக்கத்துல உக்காந்து கேக்கணும். எந்தக் கட்டிடம்னு. மூணு பேருமாப் போய்ச் சொல்லணும். மறுபடி ஒரு கோடு கிழிக்கக் கூடாது.

— சரி.

— சரின்னா?

— சத்தியம். அவர் மேல சத்தியம். அம்பத்தெட்டு.

— ஒய். அமுக்கிட்டு என்டர்.

— அமுக்கிட்டேன். பழைய மாதிரி கோடு மின்னுது.

— முடிஞ்சுது.

— நிஜமா?

— நம்பலியா?

— நம்புறேன். ஆனாலும் பன்னிரண்டு வரைக்கும் பேசிட்டே இரு.

— என்ன பேச?

— எதையாவது. எங்க வந்திருக்கே?

— ஆஸ்பத்திரி தெரு முனைல இறங்கிட்டேன். நடந்து வர்றேன். ஒரு பூக்கடை, ஒரு மருந்துக்கடை, அப்புறம் மறுபடி மருந்துக்கடை. பூவும் மருந்துமா சேர்த்து ஒரே கடை வெச்சா நல்லா ஓடும்.

— மணி பன்னிரண்டு.

— சரி. வழக்கமா நெட் பாக்குற சன்னலுக்குப் போய் அவர் பிளாக்கைத் திற. மேல எந்தப் பதிவு இருக்கு?

— 'கதவு இடுக்கு'. போன வாரத்து தேதி.

— இன்னொரு தடவை திறந்து பாரு.

— அதேதான். கதவு இடுக்குல பென்சில் விட்டுப் பாக்குற கதை. வரல. பன்னிரண்டு ரெண்டு ஆச்சு, வரல.

— இனிமே வராது. நாளைக்குப் பன்னிரண்டு வரைக்கும்.

— என் ராசா. சாப்பிட்டியா நீ?

— இப்ப ஞாபகம் வந்துச்சா?

— வாயேன், எதாவது வாங்கித் தர்றேன். பசிக்குதுடா எனக்கும். காலைலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. இரு, கதவு திறக்குது. டாக்டர் வர்றார். லைன்ல இரு, வெச்சுடாதே.

— இருக்கேன்.

— சரிங்க டாக்டர். சரிங்க. பாக்கலாங்களா? சரிங்க. ரொம்ப நன்றிங்க.

— அக்கா? என்ன சொன்னார்?

— நல்லா முடிஞ்சுதாம். தானா துடிக்குதாம். ரெண்டாவது மாடில ஐசியூவுக்கு மாத்துறாங்க, அங்க தூரத்துல இருந்து பாக்கலாமாம். பொடியா, தானா துடிக்குதாம்.

— அழாதே. நான் உள்ள வந்துட்டேன். கீழ ஹால்ல நிக்கிறேன்.

— நான் எங்க அழறேன். மேல வராதே, நேரா ரெண்டாவது மாடிக்கு வா. வெளிய கொண்டு வந்துட்டாங்க. முகம் வெளுத்துக் கிடக்கு. குழாய், பாட்டிலு, பெட்டி பெட்டியா மிஷினு, ஒரு சிலிண்டரு. ஆறு பேர் தள்றாங்க. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கு.

— சின்ன லிப்டுக்கு இங்க பெரிய வரிசை. பெரிய லிப்ட்ல நோயாளிக்கு மட்டும்னு போட்டிருக்கு. படியேறி வர்றேன், மாமா மாதிரி.

— அவர்கிட்ட சொல்லிச் சிரிக்கலாம். கேளு, ஒரு கண்ணு லேசாத் திறந்த மாதிரி இருந்துது. கையை வேற அசைச்சார். மயக்கத்துல அப்படித்தான் இருக்குமாம்.

— அக்கா, அந்த நம்பரை இன்னொரு தடவை சொல்லு.

— எந்த நம்பர்?

— பதிவுல இருந்தது.

— அதான் பாக்க மாட்டேன்னு சொன்னியே. நாளைக்குன்னு பேசியாச்சு.

— நான் தேடல. சொல்லு, சீக்கிரம்.

— மூணு பூஜ்யம் ஒம்போது ரெண்டு ஆறு. ஏன்? குரல் ஏன் இப்படி இருக்கு? இரு, பெரிய லிப்ட் வந்துடுச்சு, கதவு திறந்துட்டாங்க. நானும் கூடவே ஏறிக்கிறேன், கீழ பாக்கலாம்.

— அக்கா, ஏறாதே, தள்ளுறவங்களை நிறுத்து. அந்த நம்பர் இங்க பெரிய லிப்ட் பக்கத்துல கண்ணாடிக்குள்ள தொங்குது, மாமா கையெழுத்தோட. அக்கா, கட்டிலை உள்ள ஏத்திட்டாங்களா?